லீவு யார் காசில்?

லீவு என்ற பேச்சு வந்தால் நம் வாயில் முதலில் வருகிற கேள்வி, எத்தனை நாள் என்பதுதான். பிரசவத்துக்கு ஆறு மாதமா, ஒரு வருஷமா? அப்பாவுக்குப் பதினைந்து நாள் உண்டா? செய்தித்தாள் தலைப்புகளும் நாள் கணக்கில்தான் வருகின்றன. அந்த நாட்களுக்கான சம்பளம் யார் பையிலிருந்து வரப்போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் அந்த லீவை எடுக்க முடியுமா முடியாதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். கொஞ்சம் கணக்கு இருக்கிறது. பயப்படும்படியான கணக்கு இல்லை.

சம்பாதிக்கிற ஒருவர் வாரக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் ஆவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். தனக்கே உடம்பு முடியாமல் போகலாம். பிள்ளை பெற வேண்டியிருக்கலாம். அல்லது வீட்டில் வேறு ஒருவர் படுத்துவிட, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கலாம். முதல் இரண்டுக்கும் நம் நாட்டில் சட்டம் உண்டு. மூன்றாவதை அது அவரவர் வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டோம்.

முதலில், இருப்பதைப் பார்ப்போம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அவர் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும். சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் போட வேண்டும். அது 488 ரூபாய். இரண்டும் சேர்ந்து 601 ரூபாய் ஈ.எஸ்.ஐ. கழகத்தின் பொதுநிதிக்குப் போகிறது. அந்தப் பெண்ணிடம் கேட்டால், "மாசாமாசம் பிடிக்கிறாங்க, எதுக்குன்னு தெரியல" என்பார். மருந்து மாத்திரைக்கு என்று சிலருக்குத் தெரியும். சம்பளத்துக்கும் சேர்த்துத்தான் என்பது பலருக்குத் தெரியாது.

அவருக்கு டைபாய்டு வந்து ஒரு மாதம் எழுந்திருக்க முடியவில்லை என்று வையுங்கள். ஈ.எஸ்.ஐ. மருந்தக டாக்டர் சான்று கொடுத்தால், அவருடைய சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம் வங்கிக் கணக்குக்கு வரும். நாளுக்கு 500 ரூபாய் என்றால் 350. ஆண்டுக்கு 91 நாள் வரை இப்படிப் பெறலாம். முழுக்க எடுத்தால் 31,850 ரூபாய். அவர் கையிலிருந்து ஆண்டுக்குப் போவது 1,356 ரூபாய்தான். மீதி எங்கிருந்து வந்தது? கம்பெனி போட்டதும், அந்த ஆண்டு காய்ச்சல் வராமல் தப்பித்த மற்றவர்கள் போட்டதும்தான். சீட்டுப் பிடிக்கிறோமே, அதில் போட்ட காசு என்றைக்காவது நம் கைக்கே திரும்பும். இதில் திரும்பாது, யாருக்கு நோய் வந்ததோ அவருக்குப் போகும். உடம்புக்கு ஒன்றும் வராமலே முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஏமாந்தவர் இல்லை. அத்தனை வருஷமும் அவருக்கு ஒரு காவல் இருந்தது, அவ்வளவுதான்.

முழுச் சம்பளம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். படுத்திருந்தாலும் அதே காசு என்றால் எழுந்து வர மனம் வராது என்று திட்டம் போட்டவர்கள் பயந்தார்கள். அதே யோசனையில்தான் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது என்று வைத்தார்கள். ஜலதோஷத்துக்கெல்லாம் சான்று எழுதி மாளாது. நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 15,000 ரூபாய்க் குடும்பத்தில் முப்பது சதவீதம் குறைந்தால் எந்தச் செலவு நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாடகை நிற்காது. அதனால் பலர் முழுதாகத் தேறுவதற்கு முன்பே ஷிப்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

காசநோய் மாதிரி ஒன்று வந்தால் நிலைமை வேறு. மருந்தே குறைந்தது ஆறு மாதம். 91 நாளில் காசு நின்றுபோனால் நோயாளி இருமிக்கொண்டே ஸ்பின்னிங் மில்லுக்குத் திரும்புவார். பக்கத்து ஃபிரேமில் நிற்பவருக்கும் ஒட்டும். இதை முன்கூட்டியே யோசித்து, காசநோய், புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு மட்டும் உதவியை 80 சதவீதமாக உயர்த்தி, மொத்தம் இரண்டு ஆண்டு வரை நீட்டியிருக்கிறார்கள். தொடர்ந்து இரண்டு ஆண்டு வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உதவிப் பணம் பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் சட்டத்தில் எழுதியிருந்தார்கள். காசும் வேண்டும், திரும்பி வர ஒரு நாற்காலியும் வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் அரை உதவிதான்.

இவ்வளவு யோசித்தவர்கள் யார் என்று கேட்கத் தோன்றும். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1943-இல், ஆலைத் தொழிலாளருக்கான நோய்க் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்கும் வேலை பி.பி. அடார்கர் என்ற பேராசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டே அறிக்கை கொடுத்தார். சுதந்திரம் வந்த கையோடு 1948-இல் சட்டம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கிவைத்தார்; டெல்லியிலும் அதே நாளில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இத்திட்டம் முதலில் வந்தது கோயம்புத்தூருக்கு, 1955-இல். பஞ்சாலைகள் வரிசையாக நின்ற ஊர், சங்கங்கள் வலுவாக இருந்த ஊர். அங்கே முதலில் வந்ததில் வியப்பில்லை. அரசியல் சட்டம் வருவதற்கு முன்பே, கஜானாவில் காசே இல்லாத ஒரு நாடு, உடம்பு முடியாத தொழிலாளிக்குச் சம்பளம் தர வழி செய்தது. இன்றைக்கு ஈ.எஸ்.ஐ. என்றாலே நமக்கு நீண்ட வரிசையும் மருந்து இல்லை என்ற பதிலும்தான் ஞாபகம் வருகிறது. அந்தக் குறைகள் உண்மை. அதற்காக அதன் அடியில் இருக்கும் ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

இனிப் பிரசவம். யார் காசு என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது.

அதே ஓவர்லாக் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால் ஈ.எஸ்.ஐ. 26 வாரத்துக்கு, 70 இல்லை, முழு நாள் சம்பளத்தையே கொடுக்கிறது. 182 நாளுக்கு 91,000 ரூபாய். கம்பெனி முதலாளி தன் கல்லாவிலிருந்து அந்தச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. மாதாமாதம் ஆண் பெண் எல்லோருக்கும் அவர் கட்டிவந்த 3.25 சதவீதத்தோடு அவர் பொறுப்பு முடிந்தது.

இப்போது கோவையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள். அங்கே 40,000 சம்பளம் வாங்கும் பெண் ஈ.எஸ்.ஐ.க்குள் வர மாட்டார்; மாதம் 21,000 ரூபாய் தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். அவருக்கு 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டம் பொருந்தியது. 2017-இல் அதைத் திருத்தி, 12 வாரத்தை 26 ஆக்கினார்கள். உலகத்தில் பல பணக்கார நாடுகளையே மிஞ்சிய எண்ணிக்கை என்று பெருமையாகப் பேசிக்கொண்டோம். ஆனால் அந்த ஆறு மாதச் சம்பளம், ஏறத்தாழ 2,40,000 ரூபாய், அந்தப் பதினைந்து பேர் கம்பெனியின் முதலாளி தலையில். அந்தப் பெண்ணுக்குப் பதிலாக வைக்கும் ஆளின் சம்பளம் தனி. அரசு ஒரு ரூபாய் தராது.

முதலாளி கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது இரண்டு பேரில் யாரை எடுப்பது என்று வந்தால், மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். நேர்காணலில் "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்ற கேள்வி அங்கிருந்து வருகிறது. சட்டம் பெண்ணுக்குக் கொடுத்ததை நேர்காணல் அறை திரும்ப வாங்கிக்கொள்கிறது. 26 வாரம் அதிகம் என்று நான் சொல்லவில்லை. தாய்க்கும் குழந்தைக்கும் அந்த ஆறு மாதம் தேவை. அதன் செலவை ஒரு தனி முதலாளி மேல் போட்டதுதான் பிழை.

இது ஒன்றும் புதிய ஞானம் இல்லை. 1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பிரசவ காலப் பணம் பொதுநிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்தது. 1952-இல் அதைத் திருத்தியபோது, எந்த முதலாளியும் தனியாக அந்தச் செலவுக்குப் பொறுப்பாகக் கூடாது என்று இன்னும் கறாராகச் சொன்னார்கள். நம் நாட்டிலேயே 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதா விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். இந்தச் சுமையில் பெரும்பங்கை அரசே தாங்க வேண்டும், மக்கள் நலன் அரசின் கடமை. ஆனாலும் பெண்களை வேலைக்கு வைத்து லாபம் பார்க்கும் முதலாளி முழுக்கக் கைகழுவ முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். மறு ஆண்டு பம்பாயில் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்துக்கு 1934-இல். சுமையைப் பங்கு போடுவது பற்றி அவர் சொன்னது மட்டும் பாதியில் நின்றுவிட்டது. 2018 நவம்பரில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்களுக்காக ஏழு வாரச் சம்பளத்தை முதலாளிகளுக்குத் திருப்பித் தரலாம் என்று ஒரு யோசனை வைத்திருப்பதாகச் சொன்னது. அது யோசனையாகவே நின்றுபோனது.

அரசு ஊழியர்கள் கதை தனி. தமிழ்நாடு அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் மகப்பேறு விடுப்பு. அங்கே முதலாளியே அரசு, பையும் பொதுப்பை. அதனால் தாராளமாக இருக்க முடிகிறது. வீட்டு வேலைக்குப் போகிறவர், களை எடுக்கப் போகிறவர், தெருவில் பூக்கட்டி விற்கிறவர் இவர்களுக்குச் சம்பளத்தோடு லீவு என்று ஒன்று கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் அரசு கொடுக்கும் 18,000 ரூபாய் உதவி இவர்களை எட்டுகிறது. அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகப் போகிறது. நல்ல திட்டம். ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது.

மூன்றாவதுக்கு வருவோம். டீ ஆறியிருந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

எந்த ஆஸ்பத்திரியில் யாரைச் சேர்த்தாலும் நர்ஸ் முதலில் கேட்பது, "பேஷண்ட்கூட யாரு இருக்கீங்க?" என்று. கூட ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓட, ரத்தம் பரிசோதனைக்குக் கொடுக்க, இரவு பாத்ரூம் கூட்டிக்கொண்டு போக, கஞ்சி வாங்கி வர. நம் மருத்துவமனைகள் இந்தச் சம்பளமில்லாத ஆளை நம்பித்தான் நடக்கின்றன. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபிறகு ஆரம்பிப்பது அதைவிடப் பெரிய வேலை. இடுப்பு எலும்பு முறிந்த அம்மா எழுந்து நடக்க மூன்று மாதமாகலாம். கீமோ என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கூட்டிப்போய் வர வேண்டும்.

அந்த ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலை செய்வதாகத் தெரிந்தது. ஆண்களில் 21.4 சதவீதம். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் கூடுதலாக இருப்பது தமிழ்நாட்டில். பிள்ளைகளோ ஒன்று அல்லது இரண்டு. ஐந்து பேர் பங்கு போட்டுப் பார்த்துக்கொண்ட அப்பாவை இனி ஒருத்தர்தான் பார்க்க வேண்டும்.

தனியார் கம்பெனியில் இருக்கும் அந்த ஒருத்தருக்கு என்ன வழி? பழைய ஆலைச் சட்டத்தின் கணக்குப்படி இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சேர்ந்த ஈட்டிய விடுப்பு இருக்கலாம். அது தீர்ந்தால் சம்பளப் பிடித்தம். அதற்கும் மேல் போனால், "நீங்க அம்மாவைப் பாத்துட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்ற இனிமையான வாக்கியம். மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பிள்ளை பராமரிப்பு விடுப்பு 730 நாள் உண்டு. மனைவி இல்லாத தந்தையருக்கும் உண்டு. அதுவும் பிள்ளைக்குத்தான், பெற்றோருக்கு இல்லை.

இதைச் சம்பளத்தோடு செய்து காட்டிய ஓர் இடத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவைப் பற்றி நமக்குப் பெரிய எண்ணம். ஆனால் அந்த நாட்டில் மத்திய அரசு கொடுத்திருப்பது சம்பளம் இல்லாத லீவு மட்டும்தான். பெரிய புஷ் இரண்டு முறை ரத்து செய்த மசோதாவில் 1993 பிப்ரவரியில் கிளின்டன் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்திட்ட முதல் சட்டம் அது. 12 வாரம் போகலாம், வேலை போகாது, காசு வராது. வாடகை கட்ட வேண்டியவருக்கு இது மெனுவில் மட்டும் இருக்கும் சாப்பாடு.

கலிபோர்னியா மாநிலம் வேறு வழி பார்த்தது. அங்கே 1946 முதலே தொழிலாளர் சம்பளத்தில் சிறிது பிடித்து, உடம்பு முடியாதவருக்குக் கொடுக்கும் நிதி ஒன்று இருந்தது. நம் ஈ.எஸ்.ஐ.யின் நோய் உதவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். 2002-இல் ஷீலா கூல் என்ற மாநில செனட்டர், அதே நிதியில் குடும்பப் பராமரிப்பையும் சேர்த்துவிடலாம் என்று மசோதா கொண்டுவந்தார். முதலில் கேட்டது 12 வாரம். முதலாளியும் தொழிலாளியும் பாதிப் பாதி. வணிகர் சங்கங்கள் எதிர்த்தன. கடைசியில் ஆறு வாரமாகக் குறைத்து, முழுச் செலவையும் தொழிலாளர்களே ஏற்பதாக முடிவானது. இதைக் கேட்டால் தோல்வி போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாளிக்கு ஒரு காசு செலவில்லை என்றானதும், யாரை வேலைக்கு எடுப்பது என்ற கணக்கில் இதற்கு இடம் இல்லாமல் போயிற்று. 2004 ஜூலையில் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2014-இல் உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, மாமனார் மாமியாரையும் பட்டியலில் சேர்த்தார்கள். மாமியாரைப் பார்த்துக்கொள்ள மருமகனும் சம்பளத்தோடு லீவு கேட்கலாம்! 2020 ஜூலையில் எட்டு வாரம் ஆனது. அங்கே கணினித் துறையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் சம்பளச் சீட்டிலும் எஸ்.டி.ஐ. என்று ஒரு பிடித்தம் இருக்கும், அதுதான் இது.

எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை. ஆரம்பத்தில் சம்பளத்தில் 55 சதவீதம்தான் கொடுத்தார்கள். மாதச் சம்பளம் மாத முடிவுக்குள் தீர்ந்துவிடும் வீட்டில் பாதியை வைத்து எப்படிச் சமாளிப்பது? நல்ல சம்பளக்காரர்கள் எடுத்தார்கள். ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், தன் பணமும் அதே நிதியில் இருந்தும், எடுக்கவில்லை. இது தெரிந்து 2018-இல் 60, 70 சதவீதமாக உயர்த்தினார்கள். 2025 ஜனவரி முதல் 70 முதல் 90 வரை. குறைந்த சம்பளக்காரருக்கு 90. நம் 70 சதவீதத்தைப் பற்றி முன்னே சொன்னேனே, அதற்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

ஐலீன் ஆப்பல்பாம், ரூத் மில்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சில ஆண்டுகள் கழித்து முதலாளிகளிடமும் தொழிலாளர்களிடமும் போய்க் கேட்டார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்ற பழைய பயத்துக்கு மாறாக, அந்த முதலாளிகளில் மிகப் பெரும்பாலோர், எந்தப் பாதிப்பும் இல்லை அல்லது நன்மைதான் என்றார்கள். இன்னொன்றும் தெரிந்தது. லீவுக்குத் தகுதி இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியவில்லை. நம் ஓவர்லாக் பெண்ணின் நிலைமைதான்.

ஜப்பானிலும் முதியவரைப் பார்த்துக்கொள்ள 93 நாள் லீவு, சம்பளத்தில் 67 சதவீதம் காப்பீட்டு நிதியிலிருந்து. அப்படி இருந்தும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீட்டு முதியவருக்காக வேலையை விடுகிறார்கள். லீவு மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி. லீவே இல்லாத நாம் அந்தக் கவலைக்கு வர இன்னும் நாளாகும்.

சரி, இங்கே என்ன செய்யலாம்? புதிதாக ஒரு இலாகா வேண்டாம். ஈ.எஸ்.ஐ. இப்போதே தொழிலாளியின் குடும்பத்துக்கும் வைத்தியம் பார்க்கிறது. கணவன், மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் தாய் தந்தை எல்லோரும் அதில் உண்டு. ஒரு தொழிலாளியின் அம்மாவுக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கிறது என்று வையுங்கள். செலவைக் கழகம் ஏற்கிறது. கூட ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று அதே ஆஸ்பத்திரி சொல்கிறது. கூட இருக்கும் மகளுக்கு மட்டும் அந்த நாட்களின் சம்பளம் கிடையாது. பொய்ச் சான்று வாங்கிவிடுவார்கள் என்பது எப்போதும் வரும் ஆட்சேபம். இங்கே யாரும் வெளியிலிருந்து சான்று கொண்டுவர வேண்டியதில்லை. அம்மா எந்த வார்டில் எத்தனை நாள் இருந்தார் என்பது கழகத்தின் பதிவேட்டிலேயே இருக்கிறது.

செலவு? ஒரு கற்பனைக் கணக்கு. ஆண்டுக்கு 14 நாள், 70 சதவீதச் சம்பளம்; பத்துப் பேரில் ஒருவர் அதை முழுதாக எடுக்கிறார். அப்படியானால் எடுக்கும் ஒருவருக்கு 9.8 நாள் சம்பளம். பத்துப் பேருக்கும் பரப்பினால் தலைக்கு ஏறத்தாழ ஒரு நாள் சம்பளம். ஆண்டுச் சம்பளத்தில் அது 0.27 சதவீதம். 15,000 ரூபாய் வாங்குபவருக்கு மாதம் 40 ரூபாய் வருகிறது. 2019 ஜூலையில் ஈ.எஸ்.ஐ. சந்தாவை மொத்தம் 6.5 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைத்தார்கள். அன்று விட்டுக்கொடுத்த 2.5 சதவீதத்தில் ஒன்பதில் ஒரு பங்குகூட இது இல்லை.

வரம்பைப் பற்றியும் பேச வேண்டும். 21,000 ரூபாய் என்பது 2017 ஜனவரியில் வைத்தது. அதற்குப் பிறகு சம்பளமும் விலைவாசியும் எங்கேயோ போய்விட்டன. வரம்பு பல ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறது. 20,900 வாங்குபவர் நோய் வந்தால் 91 நாள் காசு பெறுவார். 1,100 ரூபாய் இன்கிரிமென்ட் வாங்கி 22,000-க்குப் போனவர், அந்தச் சந்தாக் காலம் முடிந்ததும் திட்டத்துக்கு வெளியே நிற்பார். சம்பள உயர்வு ஒருவரின் பாதுகாப்பைப் பறிக்கிறது என்றால் அந்த வரம்பு தவறான இடத்தில் நிற்கிறது.

எழுந்து போவதற்கு முன் நடைமுறைக்கு உதவும் சில விஷயங்கள். நோய் உதவி பெற, அதற்குரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில், ஏப்ரல் முதல் செப்டம்பர் அல்லது அக்டோபர் முதல் மார்ச், குறைந்தது 78 நாளுக்குச் சந்தா போயிருக்க வேண்டும். கம்பெனி மாறினாலும் பழைய ஈ.எஸ்.ஐ. எண்ணையே புது இடத்தில் கொடுங்கள். புது எண் போட்டால் பழைய கணக்கு துண்டாகிவிடும். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் என்றாலும் சந்தாவுக்கு மூலப் பொறுப்பு கம்பெனியுடையதுதான். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கழகத்தில் கட்டாமல் இருப்பது குற்றம்; கட்டியிருக்கிறார்களா என்பதைக் கழகத்தின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

ஈ.எஸ்.ஐ. சட்டமும் மகப்பேறு உதவிச் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் வந்துவிட்டன. பழைய சட்டங்களைச் சேர்த்துக் கட்டிய அந்தத் தொகுப்பில், வீட்டில் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தோடு விடுப்பு என்று ஒரு பிரிவு இல்லை. கழகத்தின் நிர்வாகக் குழுவில் அரசும் முதலாளிகளும் மட்டும் உட்காரவில்லை; தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கையையும் 21,000 வரம்பை உயர்த்தும் கோரிக்கையையும் அவர்கள் ஒன்றாகவே அந்த மேசையில் வைக்க வேண்டும். உங்கள் சங்கத்தில் அடுத்த கூட்டம் நடக்கும்போது இதைக் கேளுங்கள்.